எங்கள் சங்கத்தின் மீன்கொடி

கோச்சடையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கொடி வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். பக்கத்துத் தெருச் சங்கம் புறாப் படம் போட்டுக் கொடியேற்றிய எரிச்சல். மதுரையில் இருந்துகொண்டு புறாவா? பாண்டியரின் இரட்டை மீனைப் போடலாம் என்றேன். மீன் கண்ணை மூடுவதே இல்லை. குடிகளை எந்நேரமும் காக்கும் அரசனுக்கு அதுதான் அடையாளம் என்று கூட்டத்தில் நீட்டி முழக்கினேன். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சுத்த சைவம். "பாக்குறதுக்குத்தானே, திங்கிறதுக்கு இல்லையே" என்று சம்மதித்தார்.

கோரிப்பாளையத்தில் பேனர் அடிக்கும் பாயிடம் போனேன். பழைய பாண்டியர் காசில் இருப்பதுபோல, நாலே கோடுகளில் இரண்டு மீன்களை வரைந்து கொடுத்தேன். பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது மீனா, வெண்டைக்காயா?"

"பாண்டியர் மீன், பாய். அப்படித்தான் இருக்கும்."

"நீங்க போங்க. நான் சூப்பரா பண்ணித் தாரேன்."

பண்ணித்தான் தந்தார். நீலத் துணியில், செதில் மினுங்க, சிவந்த செவுளோடு இரண்டு கெண்டைகள். அப்போதுதான் வலையிலிருந்து எடுத்தவை போல இருந்தன. மாற்ற நேரமில்லை. மறுநாள் ஞாயிறு காலை கொடியேற்றம்.

கொடி ஏறியது, கைதட்டினோம். தலைவர் பேச ஆரம்பித்ததும் ஒருவர் பைக்கை நிறுத்தி, தூக்குவாளியோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அயிரை இருக்கா?"

"இது பாண்டியர் சின்னங்க."

"சரிண்ணே. கெண்டையாச்சும் இருக்கா?"

அடுத்து வந்த அம்மா, வெட்டித் தருவீர்களா என்று கேட்டார். மதியம்வரை ஆள் வந்தபடியே இருந்தது. தலைவர் ஒவ்வொருவருக்கும் பாண்டியர் வரலாற்றைச் சொல்லி அனுப்பினார். ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வாரம் வாரேன்" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, தள்ளுவண்டியில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கொடிக்கம்பத்தடியிலேயே கடை போட்டுவிட்டார். தலைவர் பதறிப்போய் என்னை அனுப்பினார்.

"அக்கா, இங்க விக்கக் கூடாது."

அவர் கொடியை அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டு நாளா தெருத்தெருவா கத்துனேன் தம்பி. இப்ப ஆளுக தானா வருதுக. இந்தக் கொடிய வச்சவரு நல்லா இருக்கணும்."

வைத்தவன் நான்தான் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரைக் கிலோ அயிரையை என் பையில் போட்டுவிட்டார்.

அதன்பிறகு சங்கக் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாடையில் தலைவரால் உட்கார முடியவில்லை. எனக்கோ அது குழம்பு கொதிக்கும் நேரம்.