தேவகனி ஒட்டிய சீட்டு

தேவகனி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில், செடியைப் பார்த்துப் பெயர் சொல்ல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பதினான்கு வருடமாகத் தினக்கூலி. நான் பக்கத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எனக்கு நிரந்தர வேலை. இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

பறித்துவந்த செடியைச் செய்தித்தாளில் விரித்து அழுத்தி, ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்றுவாள். காய்ந்ததும் பூச்சி அரிக்காமலிருக்க, என் ஆய்வகத்திலிருந்து வாங்கிப் போகும் விஷ மருந்தில் நனைத்துக் கெட்டித் தாளில் ஒட்டுவாள். மருந்து பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் உரிந்திருக்கும். கையுறை கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். வந்தபாடில்லை.

தாளின் கீழ்மூலையில் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், குடும்பம், பறித்த இடம், தேதி. பெயர் தப்பு என்று பிற்பாடு ஒரு நிபுணர் கண்டால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். கடைசியாக ஒட்டியதுதான் செல்லும்; தாளும் அந்தப் பெயருள்ள கட்டுக்குப் போகும். அதுதான் வழக்கமாம். எழுதுவது பேராசிரியர், பசை தடவுவது தேவகனி.

1146-ஆம் தாள் அவளே பறித்துவந்த வெண்கண்டல், உப்புத் தண்ணீரில் நிற்கும் அலையாத்திச் செடி. அவள் ஊர் தருவைகுளம். ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில், ஆடு கடித்துக் கடித்து இடுப்புயரத்துக்கு மேல் வளராத கண்டல் காடு. அதன் வேரடியில்தான் அவள் தம்பி ஸ்டெபின் நண்டு வலை போடுவான். அவன் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த நண்டில்தான்.

அந்த இடத்தைப் போன வருடம் ஒரு கம்பெனி கிடங்கு கட்டக் கேட்டது. கண்டல் காடு என்றால் சட்டப்படி அங்கே ஒரு கல்கூட வைக்க முடியாது. அங்கே என்ன செடி நிற்கிறது என்று அறிக்கை கொடுக்கும் வேலை எங்கள் துறைத்தலைவர் கிருபாநிதியிடம் வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கரையான் அரித்த மர அலமாரிகளுக்குப் பதிலாக இரும்பு அலமாரி கேட்டுப் பத்து வருடம் அலைந்த மனிதர். கம்பெனி பன்னிரண்டு அலமாரி வாங்கித் தருவதாகச் சொன்னது. காய்ந்த செடிகளைக் காப்பாற்றப் பச்சைச் செடிகளை விற்றார்.

ஒரு மத்தியானம் மருந்து பாட்டிலோடு தாவரவியல் துறைக்குள் போனேன். மேசையில் 1146 விரிந்திருந்தது. கிருபாநிதி கையில் புதுச் சீட்டு, எதிரே பசையோடு தேவகனி. 'உகா' என்று எழுதியிருந்தார். காயல்பட்டினத்தில் மிஸ்வாக் என்று பல் துலக்குகிறார்களே, அந்தக் குச்சி தரும் செடி. அது நிற்கும் இடத்தில் கட்டத் தடை கிடையாது.

"சார், இது உகா இல்லல்லா. உகா இலை ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கும். இதுக்கு அடிப்பக்கம் வெள்ளை. மண்ணுக்கு மேல நட்டுக்க நிக்கிற மூச்சு வேரையும் சேத்து ஒட்டி வச்சிருக்கேன், பாருங்க. உகாவுக்கு ஏது சார் மூச்சு வேரு?"

"ஒட்டு தேவகனி."

"பச்சை இலையக் கொண்டாரேன், நக்கிப் பாருங்க. கண்டல்னா உப்புக் கரிக்கும், உகான்னா கடுகு கணக்கா உறைக்கும்."

"தினக்கூலி ஆளைக் குறைக்கச் சொல்லி மேல இருந்து நெருக்குதாங்க. நாந்தான் உன்னைத் தாங்கிட்டு இருக்கேன். ஒட்டும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் ஒட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கிடங்கு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம். தேவகனி கண்டல் கிளை ஒன்றைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள். "இதுதாம் சார் அங்கன நிக்கி. வந்து பாருங்க."

அதிகாரி கிளையைத் தொடவே இல்லை. மேசையில் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்திருந்த 1146-ஐத் தூக்கிக் காட்டினார். "காலேஜ் ரெக்கார்டுல உகான்னு திருத்தியிருக்கே. நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"எட்டாங் கிளாஸ். அந்தச் சீட்டு பொய்யி சார். எனக்குத் தெரியும், நாந்தான் ஒட்டினேன்."

"நீங்களே ஒட்டிட்டு நீங்களே பொய்ங்கிறீங்களா?"

மண்டபம் சிரித்தது. தருவைகுளத்து ஆட்களிலேயே நாலு பேர் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கிருபாநிதி முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று என்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

தை மாதம் புல்டோசர் வந்தது. ஸ்டெபின் இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். சீட்டை ஒட்டிய அக்காவோடு பேசுவதில்லை. கிருபாநிதி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அவளில்லாமல் செய்முறைத் தேர்வு நடத்த அவருக்குத் துப்பு கிடையாது.

அந்தத் தேர்வு ஏப்ரலில் வந்தது. மேசைமேல் செடிகளை வரிசையாக வைப்பார்கள். பிள்ளைகள் பார்த்துப் பெயரும் அடையாளமும் எழுத வேண்டும்.

"கடற்கரைச் செடி ஒண்ணு வேணுமே. வெண்கண்டல் ஒரு கொப்பு ஒடிச்சிட்டு வாம்மா," என்றார். பழக்கதோஷம்.

"எங்கன போய் ஒடிக்க சார்?"

அவர் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "பழைய தாள் எதையாவது வை."

தேவகனி 1146-ஐ வைத்தாள். தேர்வுக்கு வழக்கமாகச் செய்வதுபோல இரண்டு சீட்டையும் வெள்ளைத் தாளால் மூடினாள்.

இருபத்தெட்டுப் பிள்ளைகள். எதிரெதிர் இலை, வெளுத்த அடிப்பக்கம், மூச்சு வேர் என்று பார்த்துப் பார்த்து அத்தனை பேரும் வெண்கண்டல் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட உகா என்று எழுதவில்லை. கிருபாநிதி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, இருபத்தெட்டுப் பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

தேவகனி வெள்ளைத் தாளை உரித்துவிட்டு, புது இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

"சார், இதை எந்தக் கட்டுல வைக்கட்டும்?"

அவர் தலை நிமிராமல் சொன்னார்: "உகாக் கட்டுலயே வச்சிரும்மா."