லேமினேஷன் போட்ட பஸ்

ஆக்ஸிலியாவுக்கு முப்பத்தொரு வயது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் நூலகத்தில் வேலை. யாரும் படிக்காத புத்தகங்களுக்கு எண் ஒட்டுவதும், படித்த புத்தகங்களிலிருந்து சிப்ஸ் தூளைத் தட்டுவதும் அந்த வேலையின் முக்கியப் பகுதிகள். அவளைப் பற்றிக் கேட்டால், "நல்ல பொண்ணு, பேசாது" என்பார்கள். அவள் வீட்டில் பேச இடம் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

அவளிடம் கைக்கடக்கமான பழைய கேம் மெஷின் ஒன்று இருந்தது. விடுதிப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டியில் அடங்காததை எல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி வாங்கியது. அதன் தலையில் செருகும் கார்டு ரீடரும் கூடவே வந்தது. கார்டின் ஓரத்தில் பொடிப் புள்ளிகளாக அச்சடித்த பட்டையை அதன் பிளவில் செருகி இழுத்தால், புள்ளிகள் விளையாட்டாக மாறித் திரையில் ஓடும். ஒரே ஒரு குறைதான். அந்தக் கார்டுகளை இந்த மலையில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

வேறு யாராக இருந்தாலும் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆக்ஸிலியா தானே கார்டு செய்யக் கிளம்பினாள். உலகத்தில் அங்கொருவர் இங்கொருவராக இதே பைத்தியம் பிடித்தவர்கள் இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்ததைப் படித்து, நிரல் எழுதி, அதைப் புள்ளிகளாக்கி, நூலகத்து லேசர் பிரிண்டரில் அடித்தாள். ஒரு பட்டையில் கொள்ளுவது கொஞ்சம்தான். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ ஒன்றை அடக்கவே ஒரு கட்டுக் கார்டு வேண்டும். மூடுபனி இறங்கினால் காகிதம் உப்பிக்கொள்ளும், ரீடர் முரண்டு பிடிக்கும். அடுப்படி அலமாரியில் காயவைத்தால் சமாதானமாகும்.

அப்படி உருவானதுதான் அவளுடைய பஸ் விளையாட்டு. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் ஒரு பயணி வாயைப் பொத்துவார். அவரை வெரசாக ஜன்னலோரத்துக்கு மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பை கொடுக்க வழியில்லை, மலையில் அதற்குத் தடை. விளையாட்டிலும் அவள் சட்டத்தை மதித்தாள்.

அம்மா இசபெல்லா, ஒரு விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டன் வேலை மட்டும் ஓயவில்லை. "சின்னப் பயலுக வெளையாடுற சாமான் ஒனக்கெதுக்குடி? ஷைலா மவன் கேக்குறான், குடுத்துரு" என்று தினமும் சொன்னார். ஷைலா திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட அக்கா. அவளுடைய மகனின் கைக்குப் போன எந்தப் பொருளும் முழுதாக வெளியே வந்ததில்லை.

"குடுக்க மாட்டேம்மா. நானே செஞ்ச வெளையாட்டு அதுல ஓடுது."

"அப்படியா? சர்ச் திருவிழாவுல ஒரு கடை போட்டு ஓட்டிக் காட்டு. நாலு பேரு வெளையாண்டா வீட்டுல கெடக்கட்டும். இல்லேன்னா திண்டுக்கல்லுக்குத்தான்."

பங்குத் திருவிழாவுக்கு முந்தின நாள், கடைசித் திருத்தம் செய்த பஸ் கார்டுகளை அடித்து அடுப்படி அலமாரியில் காயவைத்தாள். ஞாயிறு காலையில் அலமாரி காலி.

"தேடாதே. பத்திரமா வச்சிருக்கேன்" என்று அம்மா பீரோவைத் திறந்தார். ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே பஸ் கார்டுகள் பளபளத்தன. எல்லாவற்றுக்கும் லேமினேஷன். "நாலு பேரு தொடுற சாமானுல்ல? அதான் நேத்து சாயங்காலமே கடையில குடுத்துக் கெட்டியாப் போடச் சொன்னேன்."

அந்த வீட்டில் லேமினேஷன் என்பது சாதாரண மரியாதை இல்லை. ஷைலாவின் கல்யாணப் பத்திரிகைக்குக் கிடைத்தது, ஆக்ஸிலியாவின் பட்டத்துக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவளால் திட்டவும் முடியவில்லை. கார்டு பிளவில் நுழையவில்லை. உறையைப் பிரித்தால் புள்ளிகளும் கூடவே உரிந்து வந்தன. பிரிண்டரோ ஞாயிற்றுக்கிழமை பூட்டிய நூலகத்துக்குள் இருந்தது.

ரீடர் கடைசியாகச் சேமித்த ஒரு விளையாட்டை மட்டும் தன் நினைவில் வைத்திருக்கும். அதில் கிடந்தது பஸ் இல்லை. யாருக்கும் காட்டக் கூடாது என்று அவள் எழுதிய இன்னொன்று. மேலே ஒரு குடைக்கார அம்மாள் உலாத்திக்கொண்டே கேள்விகளைப் போடுவார். கீழே நிற்கும் பெண் ஒதுங்கித் தப்பிக்க வேண்டும். இடம் போதாமல் கேள்விகளை எல்லாம் "எப்போ?" என்று சுருக்கியிருந்தாள். சொந்தக்காரர்களும் அதற்கு மேல் நீட்டிக் கேட்டதில்லை. கேள்வி தலையில் விழுந்தால் பெண்ணின் கையில் காபித் தட்டு வந்துவிடும். ஆட்டம் முடிந்தது.

திண்டுக்கல்லா, மானமா என்று யோசித்தாள். மானத்தை விட்டாள்.

திருவிழாக் கடையில் முதலில் ஆடியது பள்ளி அலுவலகத்து ரம்யா. "ஐயோ, இது எங்க சின்னத்தை!" என்று அவள் போட்ட கத்தலில் பாடற்குழுப் பெண்கள் பாதி அப்பத்தோடு ஓடி வந்தார்கள். வரிசை கேக் கடையை மறைத்தது. கேக் கடைக்காரர் முணுமுணுத்தார்.

"தள்ளுங்கடி, நானும் பாக்குறேன்" என்று இசபெல்லா வந்தபோது ஆக்ஸிலியாவுக்கு ஜெபம்கூட மறந்துபோனது. அம்மா பட்டனைக் குத்தினார். முதல் "எப்போ?" நேராகத் தலையில் விழுந்தது. காபித் தட்டு. மறுபடியும் குத்தினார். மறுபடியும் தட்டு.

"ஏண்டி, ஒதுங்கவே விடமாட்டேங்கிறாளே இவ! யாரு இந்தக் குடைக்காரி?"

"யாருமில்லம்மா. சும்மா வரைஞ்சது."

"சும்மா வரைஞ்சதுக்கு எம் மூக்குக்கண்ணாடி எதுக்கு?"

வரிசை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. மெஷினை விடவும் இல்லை. "இசபெல்லாக்கா, நாங்களும் ஆட வேணாமா?" என்று பின்னாலிருந்து குரல் வரும்வரை குத்திக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஷைலா போனில் கேட்டாள். "அதெல்லாம் குடுக்க முடியாது. மவனுக்கு வேற ஏதாச்சும் வாங்கு" என்றார் அம்மா. ஏன் என்று கேட்டிருப்பாள் போல. "அதுல நான் இருக்கேன்டி."

போனை வைத்துவிட்டு வந்து ஆக்ஸிலியாவின் அருகில் உட்கார்ந்தார். "எந்நேரமும் எப்போ எப்போன்னா கேப்பேன்? ‘சாப்பிட்டியா’ன்னும்தானே கேக்குறேன். அதையும் போடு."

"இடமில்லம்மா. காபித் தட்டை எடுத்தாத்தான் முடியும்."

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.