சிவப்புக் கோட்டுக்கு மேலே இருநூறு கிராம்

முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தேன். சனம் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடம் எனக்குக் கீரிமலைப் பக்கத்துக் கிளினிக். மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தராசில் நிறுத்து, நிறை குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சத்துமா பைக்கற் கொடுப்போம்.

ஒரு மாதம் வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. கூடவே ஒரு கடிதம். நிதி போதாதாம். இனிமேல் பிள்ளையின் நிறை குறிக்கும் வளர்ச்சிக் கார்ட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுந்தான். அதற்குச் சற்று மேலே, செம்மஞ்சள் பகுதியில் இருப்பவர்களுக்கு நிறுத்த வேண்டும்.

"டொக்டர், போன மாதம் வாங்கின தாய்மாருக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டேன்.

எங்கள் பெரிய டொக்டர் கடிதத்தை மடித்தார். "எனக்கும் மேலையிருந்து வந்ததுதான், மிஸ்ஸி. லிஸ்ற்றை வெட்டுங்கோ."

சுதாவின் மகள் கவிநயாவுக்கு அப்போது இரண்டரை வயது. தகப்பன் கடற்றொழில், எண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்தது. பால்மாவுக்கு வரியும் விலையும் ஏறியபின் வீட்டில் வெறும் தேத்தண்ணிதான். அன்று தராசில் பிள்ளை சிவப்புக் கோட்டுக்கு இருநூறு கிராம் மேலே நின்றாள்.

"இந்த முறை இல்லை, சுதா."

"ஏன் மிஸ்ஸி, இவள் தேறிட்டாளோ?"

"இல்லை. போன மாதம் மாதிரித்தான் இருக்கிறாள். மேலை சட்டத்தை மாத்திப்போட்டினம்."

சுதா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கால் கிலோ குறைச்சு எழுதிவிடுங்கோவன். ஆருக்குத் தெரியப் போகுது?"

நான் எழுதவில்லை. பெட்டியில் இருந்தது பதினாலு பிள்ளைகளுக்கு. கோட்டுக்குக் கீழேயும் பதினாலு பேர். இவளைச் சேர்த்தால் இவளைவிட மெலிந்த ஒன்றை வெட்ட வேண்டும். அதைச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் கவிநயாவுக்கு வயிற்றோட்டம் வந்துபோயிருந்தது. கன்னம் வற்றிப்போயிருந்தாள். தராசில் ஏற்றினேன். கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாள். சுதா முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப தருவியள்தானே, மிஸ்ஸி?"

அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அத்தனை வருட வேலையில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. "ஓம்" என்று சொல்லி இரண்டு பைக்கற்றை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம், கோட்டுக்குச் சற்று மேலே நின்றதால் வெட்டுப்பட்ட இருபத்திமூன்று பிள்ளைகளின் பெயரையும் நிறையையும் தனித்தாளில் எழுதி டொக்டரிடம் கொடுத்தேன்.

"இது ஒருத்தரும் கேட்காத லிஸ்ற்" என்றார்.

"ஓம் டொக்டர். கேட்கமாட்டினம்."

கடைசிப் பெயர்வரை வாசித்துக் கையெழுத்து வைத்தார். மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் சத்துமா பழையபடி எல்லாருக்கும் வந்தது. எங்கள் தாளால்தானா என்று எனக்குத் தெரியாது. அதற்கிடையில் அந்த இருபத்திமூன்றில் ஒன்பது பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே போயிருந்தார்கள்.

கவிநயா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நிறை ஏறிவிட்டது, உயரம் ஏறவில்லை. வகுப்பு வரிசையில் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். சுதா என்னைக் குறை சொன்னதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்வேன். பைக்கற் வாங்கிய பிள்ளைகளின் விபரத்தை அலுவலகம் கேட்டு வாங்கும். வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய பிள்ளைகளை யாரும் கேட்கமாட்டார்கள். அவர்களின் பெயரை முதல் மாதமே எழுதி அனுப்புங்கள். நான் ஒரு மாதம் பிந்திவிட்டேன்.