முடிச்சு விழாத வேர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் பல வருடம் ஒப்பந்த ஆளாக லைனில் நின்றேன். ஒரு நாள் லைனையே மூடிவிட்டார்கள். சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன் நான். அதற்குப் பிறகு எங்களுக்கு இருந்தது, பிள்ளைப்பாக்கத்தில் மனைவிக்கு அவள் அப்பா எழுதிவைத்த துண்டு நிலம் மட்டும்தான். இரண்டு பக்கமும் கம்பெனி மதில், நடுவில் அது.

அவளுடைய அண்ணன் விற்கச் சொன்னார். "ஆளு ரெடியா கீறான் மாப்ள. இன்னும் இன்னா யோசனை?"

மனைவி சம்மதிக்கவில்லை. "ஒரு போகம் போட்டுப் பாக்கலாம்ங்க. அதுவும் வெளங்கலன்னா நானே கையெழுத்து போட்டுத் தரேன்" என்றாள். அதை நம்பி வேர்க்கடலை விதை வாங்கினோம்.

விதையோடு கடைக்காரர் ரைசோபியம் பொட்டலங்களும் கொடுத்தார். கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி. அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, அது வேரில் முடிச்சுகளை உண்டாக்கிக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும் என்றார். எங்கள் ஊரில் கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கடுகு ஒட்டியதுபோல் முடிச்சு இருக்கும். யாரும் எந்தப் பொடியும் போட்டதில்லை. ஆனாலும் ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தோம்.

நன்றாகத்தான் முளைத்தது. பூ எடுக்கிற நேரத்தில் இலை வெளிறி மஞ்சளானது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் வெறும் நூலாக வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கப்புறம் தினமும் காலையில் போய்ப் பிடுங்க ஆரம்பித்தேன். எங்காவது ஒரு வேரில் ஒரு முடிச்சாவது இருக்காதா என்று. ஒரு நாள் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்டி புடுங்கிகினே இருந்தா மிச்சம் இன்னா இருக்கும்?"

பிடுங்கிய செடிகளோடு இருவரும் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மா வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல்மண்ண எடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனி மனைகளை நிரப்ப அவள் அண்ணன்தான் முன்பு லாரி லாரியாக அள்ளக் கொடுத்திருந்தார்.

"மண்ணுல இயற்கையா இருந்த பாக்டீரியா அதோடயே போயிருக்கும். பொட்டலத்த கடையில எங்க வச்சிருந்தாங்க?"

"தகரக் கூரைக்குக் கீழ, பரண்ல" என்றேன்.

"அந்தச் சூட்டுல பொடியில இருந்ததும் செத்திருக்கலாம். பாட்டில்ல திரவமா வர்றது கொஞ்சம் சூடு தாங்கும், அதிக நாள் உயிரோட இருக்கும். ஆனா அத விதையிலயே போட்டிருக்கணும். இப்ப வேர்ல ஊத்தினா எவ்வளவு பிடிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவரிடம் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. கிழக்கு மதில் ஓரத்து நான்கு வரிசைக்குத்தான் போதுமானது. வெயில் தாழ்ந்ததும் தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றினோம். மற்ற இடமெல்லாம் அண்ணன் சொன்னபடி யூரியா போட்டேன். இலை பச்சையானது. நாங்கள் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த ஒரு வாரம்தான். பிறகு பெய்த மழையில் யூரியா கரைந்து போய், மறுபடி மஞ்சள்.

மதில் ஓரத்துச் செடியைத் தொட எனக்குத் தைரியமில்லை. மனைவிதான் ஒன்றைப் பிடுங்கி என்னைக் கூப்பிட்டாள். பக்கவேர்களில் முடிச்சுகள். நகத்தால் கீறினாள், உள்ளே இளஞ்சிவப்பு; முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் முகம் மலர்ந்தது. எனக்கோ அழுகைதான் வந்தது. நான்கு வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறுவடையில் பெரும்பாலும் பொக்குக் காய். அந்த வரிசைகளில் மட்டும் ஓரளவு பருப்பு பிடித்திருந்தது. களத்துக்கு வந்த அண்ணன், "ஆள வரச் சொல்லவாம்மா?" என்றார்.

"வேணாம். நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள் அவள்.

"நீதான சொன்ன?" என்று நானே கத்திவிட்டேன். "எனக்கு இனிமே தெம்பு இல்ல. வித்துத் தொலைப்போம்."

"சொன்னேன்தான். இந்த நாலு வரிசைய பாத்ததுக்கப்புறம் எப்டிங்க போடறது? நீங்க வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

பல நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தேன். அவள் தனியாகவே உளுந்து போட்டிருக்கிறாள். உளுந்துக்கென்று வரும் திரவத்தை இந்த முறை விதையிலேயே கலந்து. முளைத்துவிட்டதாகச் சொன்னாள். இந்த மண்ணில் அது எதுவரை வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.