ஆற்றங்கரையில் ஊதிய சங்கு

தரம் மூன்றில் படிக்கும் என் மகளின் வகுப்பை, சுற்றாடல் பாடத்துக்காக நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஓர் அணைக்குக் கீழே கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். ஆற்றின் நடுவில், பாறைக் குழிகளில் பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

"பயப்படாதீங்க, ஃபெக்டரி சங்குதான்" என்று சிரித்தார் ஆசிரியர். அவரும் தேயிலைத் தோட்டத்தில், ஃபெக்டரி சங்கு கேட்டு வளர்ந்தவர்தான். பிள்ளைகளுக்கும் பழகிய சத்தம் என்பதால் ஒருவரும் அசையவில்லை.

எதிர்க்கரையில் துணி துவைத்தவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டு மேலே ஓடினார்கள். "டேமைத் தொறக்குறாங்க! புள்ளைங்களத் தூக்குங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். கையில் கிடைத்த பிள்ளைகளை இழுத்துக் கரையேற்றினோம். சற்று நேரத்தில் அந்தப் பாறைகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

சங்கு ஊதினால் கரையேறும்படி அங்கே தமிழிலேயே பலகை இருந்தது! படிப்பிக்கிறவர் அதைப் படிக்கவில்லை. முறையிடப் போனால் பள்ளி அதிபரோ, "அதான் ஒன்னும் ஆகலயே, ஏன் பெருசாக்குறீங்க?" என்கிறார். ஆகியிருந்தால்?

இப்போதெல்லாம் இடத்தை நானே முன்கூட்டிப் போய்ப் பார்க்காமல் மகளை எங்கும் அனுப்புவதில்லை. பள்ளியில் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். சொல்லட்டும். ஃபெக்டரி சங்கு ஊதினால் என் மகள் இன்றைக்கும் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுகிறாள்.