திரும்பி வருவதற்குக் காரணம்

அந்த டிராவல்ஸின் பின்னறையில் ஒரு கூண்டு இருக்கிறது. மூன்று பக்கம் பிளைவுட், முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே காகிதம் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஏதோ ஒரு மருந்துக் கடையில் பில் போடும் கவுன்டராக இருந்து ஓய்வு பெற்ற கூண்டு அது. முதலாளி பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கி வந்தார். தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு அதற்குள் போய் உட்காருபவரைத்தான் எல்லோரும் ஆபீசர் என்பார்கள். எந்த நாட்டு அரசாங்கமும் அவரை எந்த வேலைக்கும் நியமித்தது கிடையாது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் கிடையாது.

வேலை இதுதான். வெளிநாடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் விசாவுக்காகத் தூதரகத்து ஜன்னல் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு என்று எல்லாவற்றையும் பக்காவாக ஃபைலில் அடுக்கிக்கொண்டு போவார்கள். போய், பெயர் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். இப்படி முழித்தே விசாவைக் கோட்டை விட்டவர்கள் டிராவல்ஸுக்கு வந்து சண்டை போட, முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. "அங்க போய்ப் பயப்படறதுக்குப் பதிலா நம்ம கிட்டயே பயந்து முடிச்சுட்டுப் போகட்டும்" என்றார். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அப்போது முன்னறையில் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நம்மவர் மேல் முதலாளியின் கண் விழுந்தது. சிரித்தால்கூட யாரையோ திட்டப் போகிற மாதிரி இருக்கும் முகம். வேறு பரீட்சை எதுவும் வைக்கவில்லை.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். தலை நிமிரவே மாட்டார். அவர் முன்னால் ஒரு கீபோர்டு உண்டு. அதன் ஒயர் மேஜைக்கு அடியில் போய் எதிலும் சேராமல் சும்மா தொங்கும். வந்தவர் ஒரு வரி பதில் சொன்னால், அதில் டக் டக்கென்று ஒரு பக்கத்துக்குத் தட்டுவார். இந்த ஆள் அப்படி என்னதான் எழுதுகிறான் என்ற பீதியிலேயே பாதிப் பேர் நிலைகுலைந்து போவார்கள். ஒரு மரக்கடைக்காரரிடம் "எங்க தங்குவீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். மனிதர் ஹோட்டல் பெயரைச் சொல்லிவிட்டு, மச்சானுக்குத் தெரியாமல் கிளம்புகிற விஷயத்தையும் தானாகவே கக்கிவிட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியிடம், முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டு வைத்தார். ஆளுக்கொரு இடத்தைச் சொல்லி, கூண்டுக்கு முன்னாலேயே இருவரும் முறைத்துக்கொண்டார்கள். சமாதானம் செய்து அனுப்புவதற்குள் முன்னறை ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தெருவிலும் இந்த வினை அவரை விடவில்லை. காய்கறிக் கடையில் அவரைப் பார்த்ததும் சிலர் பையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நிற்பார்கள். ஒரு தடவை அவரிடம் பயிற்சி எடுத்த சலூன்காரர், இன்றைக்கும் கத்தரிக்கோலை எடுக்கும் முன் தன் மாத வருமானத்தைச் சொல்லிவிட்டுத்தான் முடியைத் தொடுவார்.

எல்லாக் கேள்விக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு. "நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" சுற்றுலா விசாவின் உயிர் அதில்தான் இருக்கிறது. போன ஆள் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் தூதரகத்தாரின் ஒரே கவலை. இதற்கு நம் ஜனங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அம்மா இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், நாய்க்குட்டி இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். ஆபீசருக்குக் கோபம் வருவதே அப்போதுதான். "வேலையைச் சொல்லுங்க, கடையைச் சொல்லுங்க, வீட்டுப் பத்திரத்தைக் காட்டுங்க. பாசத்தை எல்லாம் ஜெராக்ஸ் எடுக்க முடியாதுங்க" என்பார். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒருநாள் அது தன் தலையிலேயே வந்து விழும் என்று அவருக்கு என்ன தெரியும்?

அவர் மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களிடம் "வலிக்கவே வலிக்காதுங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. கணவர் பகலெல்லாம் ஊரைப் பயமுறுத்துவார், இவள் பகலெல்லாம் ஊரைத் தேற்றுவாள். ஒரே பையன் வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறான். இரண்டு பேர் குடித்தனம், வாடகை வீடு, பெரிய சண்டை சச்சரவு இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். அத்தான் காலமான பிறகு அங்கேயே தனியாக இருக்கிறாள். முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனக்கென்று எதையும் கேட்காதவள், "நான் ஒரு தடவை அக்காவைப் போய்ப் பாத்துட்டு வரேங்க" என்று கேட்டாள். இரண்டு டிக்கெட் எடுக்க வசதி இல்லை. அவள் மட்டும் போவது என்று முடிவாயிற்று. "அவ சொல்றதைப் பாத்தா விட மாட்டா போல. வந்தா வந்ததுதான், இங்கயே இருந்துடுங்கறா" என்று போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். ஆபீசரும் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை அவர் மனதில் முள் மாதிரி தைத்துவிட்டது.

பயிற்சிக்கு அவள் சனிக்கிழமை மத்தியானம் டிராவல்ஸுக்கே வந்தாள். எல்லோரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு, முறை வந்ததும் ஃபைலோடு கூண்டின் முன்னால் நின்றாள். சலுகை காட்டுவதில்லை என்று ஆபீசர் காலையிலேயே தீர்மானித்திருந்தார். டையை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"எதுக்காகப் போறீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. அவள் அதை நன்றாக அனுபவித்தாள். "அக்காவைப் பாக்க, சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார். ரொம்ப வருஷமாச்சு."

"கணவர் என்ன பண்றார்?"

"ஒரு கூண்டுக்குள்ள உக்காந்து வர்றவங்கள மிரட்டறார் சார்."

முன்னறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆபீசர் கீபோர்டைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார். "அவர் கூட வரலையா?"

"வரல சார். வந்தா அங்க இருக்கறவங்களையும் மிரட்டுவார்."

"நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

கேட்டுவிட்டு அவர் தட்டுவதை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலை அவர் காது கொடுத்துக் கேட்கக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

"கிளினிக் வேலை இருக்கு சார்."

"வேலையை விட்டுட்டா?"

"பையன் இருக்கான்."

"அவன் வேற ஊர்ல இருக்கான். அப்புறம்?"

அவள் யோசித்தாள். விட்டத்தைப் பார்த்தாள். "அப்புறம்... பால்கனியில செடி வெச்சிருக்கேன் சார்."

ஆபீசர் ஒரு தாளை எடுத்து 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிச் சந்து வழியாகத் தள்ளினார். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. செடி ஞாபகம் வருகிறது, புருஷன் ஞாபகம் வரவில்லையா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. பாசத்துக்கு ஜெராக்ஸ் இல்லை என்று ஊருக்கே உபதேசம் செய்தவர், எந்த முகத்தோடு கேட்பார்? துணி மடிக்கும்போது, "அந்தக் கேள்விக்கு என்ன சொல்றதா இருக்கே?" என்று சும்மா கேட்பது போல் கேட்டார். "அப்ப என்ன வருதோ அதைச் சொல்றேன்" என்றாள். அவளுடைய ஃபைலில் கல்யாண ஃபோட்டோ ஒன்றை நைசாகச் செருகிப் பார்த்தார். "ஃபோட்டோவெல்லாம் டாக்குமென்ட் இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க" என்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் அவற்றை முறைத்தார். தன் வயதுக்கு இது அசிங்கம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் முறைத்தார்.

தூதரகத்துக்குப் போகும் நாளும் வந்தது. உள்ளே மற்றவர்களை விட மாட்டார்கள். ஆபீசர் எதிர்ப்புற நடைபாதையில் நின்றார். அவரை அடையாளம் கண்டுகொண்ட பழைய வாடிக்கையாளர்கள், கடைசி நேரத்தில் ஒருமுறை கேள்வி கேட்கச் சொல்லிச் சூழ்ந்துகொண்டார்கள். அவரும் கேட்டார். ஆனால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

வெளியே வந்தவளின் கையில் பாஸ்போர்ட் இருந்தது. விசா கொடுப்பதாக இருந்தால் பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையோடு திருப்பிக் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். பாஸ்போர்ட்டோடு ஒரு மறுப்புச் சீட்டும் இருந்தது. ஆபீசர் அவளைப் பக்கத்துக் காபிக் கடையில் உட்கார வைத்தார். அவள் காபியைத் தொடவில்லை.

"என்னம்மா ஆச்சு? எதுல மாட்டிக்கிட்டே?"

"நல்லாத்தாங்க போச்சு. ஜன்னல்ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு. திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்னு கேட்டுச்சு. எனக்கு வேலை, லெட்டர் எல்லாம் மறந்தே போச்சு. என் வீட்டுக்காரர் இங்க இருக்காரே, அவரை விட்டுட்டு நான் அங்க என்ன பண்ணப் போறேன்னு சொல்லிட்டேன்."

ஆபீசர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதோட நிறுத்தியிருக்கலாம். அவர் என்ன பண்றார்னு கேட்டுச்சு. உங்க வேலையத்தாங்க பண்றார், ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து எங்களுக்கெல்லாம் பதில் சொல்லக் கத்துக் கொடுக்கிறார்னேன். டைப் அடிச்சிட்டிருந்த கை அப்படியே நின்னுடுச்சு. அப்ப இப்ப சொன்னதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதானான்னு கேட்டுச்சு. இல்லம்மா, மத்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது, இது ஒண்ணுதான் நானாச் சொன்னதுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சீட்டுதான்."

ஆபீசருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் காபிக் கடையில் எழுந்து நின்று எல்லோருக்கும் அவரே காபி வாங்கிக் கொடுத்திருப்பார். அப்போதுதான் அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "வர முடியல அக்கா" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. மறுமுனையில் அக்கா என்ன சொன்னாளோ, இவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவள் அழும்போது தான் சந்தோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபீசருக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட ஆள் ஒருவன் தன் கூண்டின் முன்னால் வந்து நின்றால், பதிலே கேட்காமல் துரத்தியிருப்பார்.

"மறுபடியும் போடலாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார். பல் டாக்டரை நேரில் போய்ப் பார்த்து, இந்த அம்மா இல்லாமல் கிளினிக் ஓடாது, இந்தத் தேதிக்குள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும் என்று அழுத்தம் திருத்தமாக ஒரு கடிதம் வாங்கினார். வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சினார். புது விண்ணப்பம் போட்டாயிற்று. அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடியும் டோக்கனோடு வந்து நின்றாள்.

"கணவர் என்ன பண்றார்?"

"டிராவல்ஸ்ல வேலை சார். விண்ணப்பமெல்லாம் சரிபாப்பார்."

"போன தடவை மறுத்துட்டாங்களே?"

"அப்ப வேலை லெட்டரைக் காட்டல சார். இப்ப லீவு தேதியோட இருக்கு."

"நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"கிளினிக்ல நான்தான் எல்லாம் சார். லீவு முடிஞ்ச மறுநாளே நான் அங்க இருக்கணும்."

"கணவருக்காகத் திரும்பி வருவீங்களா?"

அவள் கண்ணிமைக்கவில்லை. "அவர் என்ன குழந்தையா சார்? அவரை அவரே பாத்துப்பார். எனக்கு வேலைதான் முக்கியம்."

ஆபீசர் எதிலும் சேராத அந்தக் கீபோர்டில் வெகுநேரம் தட்டினார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. குரல்ல பாசம் தெரியவே கூடாது."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். கொஞ்சம் தெரிந்தது. ஆபீசர் மறுபடியும் சொல்லச் சொன்னார்.