டிரம்ஸ் சீட்டில் இன்னொருவன்

வேகமும் இரைச்சலுமா வாசிக்கிற எங்க த்ராஷ் மெட்டல் பேண்டுக்கு நான் மூணாவது டிரம்மர். முதல் ஆள் துபாய்க்குப் போயிட்டான். அடுத்து வந்த ஜோசப், படகு கவுந்து கடல்லயே போயிட்டான். அவன் வாசிச்ச காலத்துலதான் மரக்காணத்துப் பசங்களான இவங்களைப் பாண்டிச்சேரி மேடைக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

உப்பளத்துக்கு நடுவுல காலியா கிடந்த ஒரு குடோன்தான் பிராக்டீஸ் இடம். முதல் நாள் மத்தியானம், ஜோசப்போட டிரம்ஸ்ல உட்கார்ந்தேன். வெளியில காத்தே இல்லை. பாட்டை முடிச்சு நாலு பேரும் ஒண்ணா நிறுத்தினோம். அதுக்கப்புறம், காலால அடிக்கிற பேஸ் டிரம்ல ஒரு அடி கேட்டுச்சு. என் கால் பெடல் மேலேயே இல்லை.

"யாருடா அது?"ன்னேன்.

கிடார் வாசிக்கிற ரபீக் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஜோசப்பு எப்பவும் ஒரு அடி சேர்த்துத்தான் முடிப்பான். எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்பா."

"இதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கா?"

"அவன் போனதுலேர்ந்து கேட்குது. சீட்டு காலியா இருந்தப்பவும் கேட்டுச்சு. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை."

எழுந்து ஓடிடலாம்னுதான் இருந்தேன். ஆனா ரபீக் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அந்த ஒரு அடியைக் கேட்கத்தான் இவங்க தினமும் இங்க வர்றாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

"இன்னொரு தடவை வாசிக்கலாம்"னேன். இந்தத் தடவை சீட்டுல கொஞ்சம் தள்ளி, ஓரமா உட்கார்ந்துக்கிட்டேன்.

இப்போ சென்னை, பெங்களூர்னு வாசிக்கிறோம். பேயை நம்புறியான்னு கேட்டா பதில் தெரியலை. ஒருத்தன் இடத்துக்கு வர்றவன், அவனை எழுப்பிட்டுத்தான் உட்காரணும்னு இல்லை. அது மட்டும் தெரியும்.